படத்தை அளங்க, எங்களை அளக்காதீங்க

அறுப்பு முடிஞ்சு வைக்கோலும் கட்டி ஏத்தியாச்சு. டிசம்பர் ஆரம்பத்திலேர்ந்து இந்தப் பக்கம் எதுவும் எழுதலை. புயலும் வெள்ளமும் வந்துட்டுப் போன பிறகு எழுத உட்காரவே மனசு வரலை. இன்னிக்கு உட்கார்ந்திருப்பதும் வெள்ளத்தைப் பற்றி எழுத இல்லை, சினிமாவைப் பற்றி. "உனக்கு எதுக்குய்யா இந்த வேலை?" என்று கேட்கிறவர்கள் கடைசிவரைக்கும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

விஷயம் களத்துமேட்டில் ஆரம்பிச்சது. தை மாசக் கடைசி. நெல்லைத் தார்ப்பாயில் காயப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கைப்பேசியில் நாலு பேர் பொங்கலுக்கு வந்த படங்களை அலசிக்கொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி பொங்கல் சமயத்தில் வந்ததுதான். எனக்குக் கேட்க நேரம் கிடைத்தது அப்போதுதான்.

ஷங்கரின் 'கேம் சேஞ்சர்', பாலாவின் 'வணங்கான்' இரண்டும் ஜனவரி 10. சுந்தர்.சி-யின் 'மத கஜ ராஜா' 12. கிருத்திகா உதயநிதியின் 'காதலிக்க நேரமில்லை' 14, பொங்கல் அன்றைக்கே. ஒன்று ஐ.ஏ.எஸ். அதிகாரி அரசியல்வாதியோடு மோதும் பெரிய பட்ஜெட் படம். இன்னொன்று பேச்சும் காதும் இல்லாத ஒருவனின் கோபம். மூன்றாவது, 2013 பொங்கலுக்கே வந்திருக்க வேண்டிய காமெடி, பன்னிரண்டு வருஷம் பெட்டியில் கிடந்துவிட்டு வந்தது. நாலாவது, கல்யாணம் இல்லாமலே குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்ணின் கதை. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஆனால் அவங்க பேச்சு முழுக்க ஒரே கேள்விதான். பொங்கல் வின்னர் யாரு? நாலு மாட்டை ஒரே பந்தயத்தில் விட்டு வேடிக்கை பார்க்கிற மாதிரி. நாலாவது படம் வந்ததும் ஒருத்தர் சொன்னார்: "படம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஏ சென்டர் படம். பி, சி ஆடியன்ஸுக்குக் கனெக்ட் ஆகாது."

காலால் நெல்லைக் கிளறி விட்டுக்கொண்டிருந்த என் தம்பி சம்சாரம் நின்னுட்டுது. "நாம எந்த சென்டரு மாமா?" என்று கேட்டது.

"சி-யாத்தான் இருக்கும்" என்றேன்.

"கதை இன்னா?"

சொன்னேன். "இதுல கனெக்ட் ஆவாததுக்கு இன்னா இருக்கு? கடலூர் ரோடு பூரா கருத்தரிப்பு மையம் போர்டுதான? இந்தப் பக்கத்துலேர்ந்து யாருமே போவலியா?" என்று கேட்டுவிட்டு மறுபடி கிளற ஆரம்பிச்சுது. நம்ம ஊரிலிருந்து அந்த மையங்களுக்கு விடிகாலை பஸ் பிடித்துப் போகிற குடும்பங்கள் உண்டு. நகையை அடகு வைத்துப் போகிறவர்களும் உண்டு. யாரிடமும் சொல்லாமல் போவார்கள், எல்லாருக்கும் தெரியும். அந்தப் படம் வந்தால் அதிகம் பேச வேண்டியிருப்பது எங்கள் தெருவில்தான். அதை எங்களுக்குப் புரியாது என்று சென்னையில் உட்கார்ந்து ஒருத்தர் தீர்ப்பு எழுதிவிட்டார்.

அன்னிக்கு ராத்திரி எனக்கு அதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த ஏ, பி, சி என்பது முதலில் தியேட்டர் இருக்கிற ஊரைப் பிரித்துச் சொன்ன வியாபாரப் பேச்சு. ஃபிலிம் பெட்டி இருந்த காலத்தில் ஒரு பிரிண்ட் போட நிறைய செலவு. அதனால் பெரிய ஊரில் முதலில் ஓடும். பிறகு சின்ன டவுன். கடைசியாக, படம் முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்த பிறகு, எங்கள் பக்கத்துக் கீற்றுக் கொட்டாய்க்கு வரும். பெட்டி யாருக்கு எப்போது போகும் என்பதற்கான கணக்கு அது. இன்றைக்குப் பெட்டியே கிடையாது. சென்னையில் வருகிற அன்றைக்கே புதுச்சேரியிலும் கடலூரிலும் வருகிறது. வியாபாரக் காரணம் போய்விட்டது, எழுத்து மட்டும் நின்றுவிட்டது. தியேட்டரைப் பிரித்த எழுத்து இப்போது ஆளைப் பிரிக்கிறது. ஏ என்றால் மூளை, சி என்றால் விசில்.

கொட்டாய் இருந்த காலத்தில் எங்களுக்கும் விமர்சனம் உண்டு. ரெண்டாவது ஆட்டம் பார்த்தவர்கள் மறுநாள் காலையில் நாற்றுப் பறிக்கும்போது சொல்வார்கள். அதில் ஒரு அழகு, யாரும் யாருக்கும் மார்க் போட மாட்டார்கள். "அம்மாவைக் கூட்டிட்டுப் போ, எனக்குப் புடிக்கலை" என்பார் ஒருத்தர். "சிரிக்கணும்னா போ. ரெண்டாவது பாதில தூங்கிடலாம்" என்பார் இன்னொருத்தர். எந்தப் படம் யாருக்கு என்று ஆளைத் தெரிந்து சொல்வார்கள். இப்போது பேசுகிறவர்களும் 'யாருக்கு' என்றுதான் சொல்கிறார்கள், ஆளைத் தெரியாமல் சொல்கிறார்கள்.

அதற்காக விமர்சகர்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2024 நவம்பரில் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று, தியேட்டர் வாசலில் மைக் நீட்டும் யூடியூப்காரர்களை உள்ளே விடாதீர்கள் என்று அறிக்கை விட்டது. 'இந்தியன் 2', 'வேட்டையன்', 'கங்குவா' எல்லாம் அவர்களால்தான் அடிபட்டன என்று சொன்னார்கள். பிறகு முதல் மூன்று நாள் விமர்சனமே வரக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போனார்கள். டிசம்பர் முதல் வாரத்தில் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துவிட்டது. விமர்சனம் செய்வது கருத்துச் சுதந்திரம் என்றது.

அதே வாரம் எங்கள் நிலைமை வேறு. நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து பாகூர் பக்கம் புகுந்தது. பள்ளத்து வயல் மொத்தமும் போச்சு. மேட்டு வயல் ஏதோ தப்பிச்சது. நீதிமன்றச் செய்தியை நான் படித்ததே பத்து நாள் கழித்துத்தான். படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது குத்தூசி.

நெல் எடுக்க வருகிறவர் மூட்டையில் குத்தூசியை விடுவார். ஒரு பிடி நெல் வரும். உள்ளங்கையில் வைத்துத் தேய்ப்பார், ஊதுவார், ரெண்டு அரிசியைப் பல்லில் கடிப்பார். அவ்வளவுதான், நாலு மாச வேலைக்கு விலை சொல்லிவிடுவார். இந்த வருஷம் வெள்ளத்தில் நனைந்து கறுத்த நெல் ஒரு மூட்டையில் இருந்தது. ஊசி அதில் போனதால் மொத்தத்துக்கும் விலை இறங்கிச்சு. கோபம் வரத்தான் செய்தது. ஆனால் குத்தூசியைத் தடை செய்யுங்கள் என்று நான் கேட்டால் சிரிப்பீர்கள். வாங்குகிறவன் பார்த்துத்தான் வாங்குவான். நான் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: நாலு மூட்டையில் குத்திப் பாருங்க, மேல் மூட்டையை மட்டும் பார்க்காதீங்க. தயாரிப்பாளர்களும் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் தொழிலில் இன்னொரு வழக்கம். நெல்லை மூட்டையில் சொல்வோம். கரும்பை டன்னில். மல்லாட்டையை, அதாவது நீங்கள் சொல்லும் வேர்க்கடலையை, உடைத்துப் பருப்பு பார்த்து விலை பேசுவோம். பூ முழம். வாழைத்தார் எண்ணிக்கை. மாட்டுக்குப் பல். மாட்டை எடை போட்டு உழவுக்கு வாங்குகிறவனையும், பூவை டன்னில் கேட்கிறவனையும் ஊரே சிரிக்கும். சினிமாவில் மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே தராசு. வேகமா போகுதா, லேக் அடிக்குதா. அவ்வளவுதான்.

ஆனந்த விகடன் ஒரு காலத்தில் மார்க் போட்டது. 1977-ல் '16 வயதினிலே' படத்துக்கு 62.5 கொடுத்ததை இன்றைக்கும் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதுவும் எண்தான், ஆனால் ஒரு வாரம் யோசித்துப் போட்ட எண். எழுதினவர்களும் கிராமத்துப் படம் என்று கருணை மார்க் போடவில்லை. இன்றைக்கு எண் வருவது இடைவேளையிலேயே.

காணும் பொங்கலுக்கு நாங்கள் குடும்பத்தோடு 'மத கஜ ராஜா' போனோம். வெள்ளத்துக்கப்புறம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை. அன்றைக்கு எங்கம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாங்க. மணிவண்ணனும் மனோபாலாவும் திரையில் வந்தபோது கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. இருவருமே இப்போது இல்லை. லாஜிக் கிடையாது என்று விமர்சகர்கள் சொன்னது சரி. பெண்களைக் காட்டிய விதம் மட்டம் என்று சிலர் சொன்னார்களே, அதுவும் சரி. என் மகள் அதையேதான் வெளியே வந்ததும் சொன்னாள், சிரிச்சுட்டுத்தான் சொன்னாள். அப்போ பி, சி ஆடியன்ஸ் இதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டாங்க என்று பேசினது மட்டும் தப்பு. பதினேழு வயசுப் பெண், பாகூர் கொம்யூனில் பிறந்து வளர்ந்தவள், கண்டுகொண்டாளே.

'காதலிக்க நேரமில்லை' எங்களுக்குத் தியேட்டரில் கிடைக்கவில்லை. அறுப்பு மெஷினுக்கு முறை வந்து, நெல்லை ஏற்றி முடிப்பதற்குள் படம் போய்விட்டது. பிறகு நெட்ஃபிளிக்ஸில் வந்ததும் வீட்டில் பார்த்தோம். அதில் வருகிற வீடும் காரும் எங்களுடையது இல்லைதான். ஆனால் அந்த அம்மா மகளிடம் கோபப்படும்போது எங்கள் வீட்டில் யாரும் "இது ஏ சென்டர் கோபம்" என்று எழுந்து போகவில்லை. 'வணங்கான்' இன்னும் பார்க்கவில்லை. அதனால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச மாட்டேன்.

விவசாயிகளுக்குத் தியேட்டர் கணக்கு இப்படித்தான். பொங்கல் எங்கள் பண்டிகை, ஆனால் எங்களுக்கு வேலை அதிகமான மாசமும் அதுதான். படம் பார்க்க ஓய்வு கிடைப்பது மாசியில். முதல் மூன்று நாளில் 'கிராமத்துக்கு ஆகாது' என்று சொல்லிவிட்டால் எங்கள் பக்கம் காட்சி குறையும், அடுத்த வெள்ளிக்கிழமை எடுத்துவிடுவார்கள். பிறகு கூட்டம் வரலை, பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல என்பார்கள். நாற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு விளையலையே என்று கேட்கிற மாதிரி.

சரி, நகரத்துப் படத்தை விடுங்கள். எங்களைப் பற்றிய படத்தையாவது சரியாகப் பேசுகிறார்களா? 2024 ஆகஸ்ட் 23 அன்று ஒரே நாளில் ரெண்டு கிராமத்துப் படம் வந்தது. மாரி செல்வராஜின் 'வாழை', பி.எஸ்.வினோத்ராஜின் 'கொட்டுக்காளி'.

'கொட்டுக்காளி' பெர்லின் திரைப்பட விழாவுக்குப் போய்வந்த படம். பின்னணி இசையே கிடையாது. சொந்தக்காரர்கள் எல்லாம் ஆட்டோவிலும் வண்டியிலுமாக ஒரு பெண்ணைச் சாமியாரிடம் கூட்டிப் போகிறார்கள், முடிவை நம் கையில் விட்டுவிட்டுப் படம் நின்றுவிடும். உடனே "ஃபெஸ்டிவல் படம், சாமானியனுக்கு இல்லை" என்று நிறையப் பேர் சொன்னார்கள். என் வீட்டுக்காரி அதை ஓடிடியில் பார்த்தாள். நடுவில் ஒரு முறைகூட எழுந்து போகவில்லை. முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எங்க பெரியம்மா மகளை அந்த மாதிரி கூட்டிப் போன கதையைச் சொன்னாள். இருபது வருஷமாக எங்கிட்ட சொல்லாத கதை. அவளுக்கு இல்லாமல் அந்தப் படம் வேறு யாருக்கு? பெர்லின்காரருக்கா?

'வாழை'க்கு எதிர்ப் பக்கம். எல்லாரும் அழுதார்கள், அழ வைத்துவிட்டார் என்று பாராட்டினார்கள். நானும் அழுதேன். ஆனால் எனக்குத் தூக்கம் போனது அழுகையால் இல்லை. அந்தப் படத்தில் தார் சுமக்கிறவர்கள் ஒரு தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பார்கள். வியாபாரி வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்வான். அந்தக் காசை ஈடுகட்ட, ஆட்களைத் தனி வண்டியில் அனுப்பாமல் லாரியில் லோடு மேலேயே ஏறி வரச் சொல்வான். அதில்தான் சாவு வருகிறது. கூலியில் கொடுத்ததை வண்டியில் பிடித்துக்கொண்டான். படத்தின் மொத்தக் கணக்கும் அங்கேதான் இருக்கிறது.

நான் அழுகிறவர்கள் பக்கம் மட்டும் நிற்க முடியாது. நானும் கூலி கொடுக்கிறவன். நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் பக்கத்து ஊரிலிருந்து குட்டியானையில் இருபது பெண்களை நிற்க வைத்து அழைத்து வருகிறோம். ஒரே வண்டி, ஒரே நடை, டீசல் மிச்சம். அந்தப் படம் பார்க்கிறவரைக்கும் அதை நான் சிக்கனம் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தப் பட்டத்தில் ரெண்டு நடையாக அழைத்து வந்தோம், உட்கார வைத்து. கூடுதல் செலவு எனக்குத் தாங்கக்கூடியதுதான் என்று செய்த பிறகுதான் தெரிஞ்சுது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் பார்த்த, படித்த விமர்சனங்களில் அந்த ஒரு ரூபாயையும் லாரியையும் சேர்த்துப் பேசினவர்கள் ரொம்பக் குறைவு. கண்ணீரைப் பேசினார்கள், கேமராவைப் பேசினார்கள், அந்தச் சின்னப் பையன் நடிப்பைப் பேசினார்கள். கண்ணீர் வந்துவிட்டால் கணக்குக் கேட்கக்கூடாது என்று யார் சொன்னது?

கிராமத்துப் படம் என்றால் விமர்சகர்களிடம் ரெண்டே மருந்துதான். ஒன்று லேக். இல்லாவிட்டால் மண் மணம். 2022 பிப்ரவரியில் வந்த 'கடைசி விவசாயி'க்கு ரெண்டும் சேர்ந்து கிடைத்தது. மெதுவாகப் போகிறது என்றார்கள், காவியம் என்றும் சொன்னார்கள். மெதுவைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. நூற்று முப்பது நாள் நெல்லோடு இருக்கிறவனுக்கு ரெண்டரை மணி நேரம் மெதுவா? நல்லாண்டி ஐயா குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பயிரைப் பார்க்கிற பார்வையை எந்த நடிப்புப் பள்ளியிலும் சொல்லித் தர முடியாது. படம் வெளியாகும் முன்னாலேயே அவர் போய்விட்டார். தேசிய விருதில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கொடுத்தார்கள், படம் சிறந்த தமிழ்ப் படமானது. விமர்சகர்கள் விடாமல் எழுதியதால்தான் நானே அதைத் தேடிப் பார்த்தேன். அந்த நன்றி எனக்கு உண்டு.

ஆனால் மணிகண்டனிடம் ஒரு கேள்வி இருந்தது, யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அந்தப் பெரியவருக்குக் கடன் இல்லை. நெல் என்ன விலைக்குப் போகும் என்ற கவலை இல்லை. சாமிக்குப் படைக்க மட்டும் விளைவிக்கிறார். அது இயக்குநர் தெரிந்தே எடுத்த முடிவாக இருக்கலாம். இருந்தாலும், கடைசி விவசாயி கடனில்லாத சாமியார் மாதிரி இருந்தால்தான் நகரத்துக்காரர்களுக்குக் கும்பிடத் தோன்றுமா? என்னை மாதிரி வட்டி கட்டுகிற, உரக்கடையில் நோட்டில் எழுதி வாங்குகிற, குத்தூசிக்காரரிடம் சண்டை போடுகிற விவசாயிக்கு அந்த மரியாதை கிடைக்காதா? இதைக் கேட்டால் படத்தை மட்டம் தட்டுவதாகாது. பெரிய படம் என்றால்தான் பெரிய கேள்வி கேட்க முடியும். காவியம் என்று சொல்லிவிட்டு நகர்ந்ததால் அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போச்சு.

நான் கேட்பது பெரிசா ஒன்றும் இல்லை. நாலு படம் வந்தால் நாலையும் அதனதன் அளவையில் அளங்க. சிரிப்புப் படத்தில் சிரிப்பைப் பாருங்க, அது யாரை மட்டம் தட்டிச் சிரிக்கிறது என்றும் பாருங்க. கிராமத்துப் படத்தில் வேலையைப் பாருங்க, கூலியைப் பாருங்க. பிடிக்கவில்லையென்றால் தாராளமாகச் சொல்லுங்க, "எனக்குப் பிடிக்கலை" என்று சொல்லுங்க. எங்களுக்குப் பிடிக்காது என்று எங்களுக்குப் பதிலாக நீங்கள் சொல்லாதீங்க.

புதுச்சேரி அரசு வருஷா வருஷம் திரைப்பட விழா நடத்துகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் சிறந்த தமிழ்ப் படத்துக்கு விருதும் தருகிறது. நல்ல விஷயம். விழா நகரத்தில் நடக்கிறது, எங்கள் ஊரிலிருந்து கடைசி பஸ்ஸைப் பிடித்துத் திரும்ப வேண்டுமென்றால் பாதிப் படத்தில் எழுந்துவிட வேண்டும். அதில் ஒரே ஒரு காட்சியை வில்லியனூரிலோ பாகூரிலோ வைக்கலாம். ஏதாவது பள்ளிக்கூட மைதானத்தில் திரை கட்டினால் போதும். மாசி கடைசியில் வைங்க, எல்லாருக்கும் கையில் வேலை இருக்காது. விமர்சகர்கள் யாராவது வந்தால் சந்தோஷம். படம் முடிந்ததும் மைக்கை நீட்ட வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள், போதும்.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறீர்கள். எங்கேயோ ஒரு ஊரிலிருந்து போனவர்கள்தான். அடுத்த முறை "இது ஊர்ல ஓடாது" என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்டாமல் ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். அம்மாவையோ அத்தையையோ கேளுங்கள். நான் இந்தக் கட்டுரையைத் தம்பி சம்சாரத்துக்குப் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரி மாமா, கடைசியா நாம எந்த சென்டருன்னு சொல்லவே இல்லியே" என்றது. எனக்கும் பதில் தெரியலை.